தலைநகரில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

கோடையைக் குறித்துத் தலைநகர்த் தமிழர் பேசத் தொடங்கினால் அப்பேச்சு எளிதில் முடிவதில்லை. நம் ஊரிலும் வெயில் உண்டு. கத்திரி வெயிலில் காலணியின்றிப் பள்ளிக்கு நடந்தவர்கள் நம்மில் பலர். ஆயினும் தில்லியின் வெயில் வேறு இனத்தது. மேற்கேயுள்ள பாலைப் பகுதிகளிலிருந்து பகலெல்லாம் வீசும் உலர்ந்த அனற்காற்றை இங்குள்ளோர் 'லூ' என்பர். நம் ஊரில் சட்டை நனைவதைக் கண்டு, "நீர் அருந்த வேண்டும்" என்று உணர்கிறோம். இங்கோ அரும்பிய வியர்வை அக்கணமே உலர்ந்துவிடுகின்றது. உடல் நீரை இழப்பது நமக்கே தெரிவதில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 பாகை வெப்பம் பதிவாயிற்று என்றால், ஊரிலுள்ள நம் உறவினர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இவ்வெயிலில் எங்கள் தந்தையாருக்கு நேர்ந்த ஒன்றும், அதன் பயனாக எங்கள் குடியிருப்பில் விளைந்த ஒன்றுமே இக்கட்டுரையின் பொருள்.

சென்ற ஆண்டு வைகாசியில் தந்தையார் குடவாசலிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். வயது எழுபத்து நான்கு, நீரிழிவும் உண்டு. ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் காப்பித்தூள் வாங்கி வருவதாகச் சொல்லிக் கரோல் பாகின் கடைத்தெருவிற்குப் புறப்பட்டார். "வெயில் ஏறிவிட்டது, மாலையில் போகலாமே" என்றோம். "காவிரிக்கரை வெயிலைக் காணாதவனா நான்?" என்று சிரித்துக்கொண்டே சென்றார். திரும்பும் வழியில் தலை சுற்றியிருக்கின்றது. கண் இருண்டு, ஒரு கடையின் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

அத்தெருமுனையில் சீக்கிய இளைஞர் சிலர் ஒரு பந்தல் அமைத்து, வருவோர் போவோர்க்கெல்லாம் இளஞ்சிவப்பு நிறமுள்ள ஒரு பானத்தை வழங்கிக்கொண்டிருந்தனர். 1606ஆம் ஆண்டில் உயிர்த்தியாகம் செய்த குரு அர்ஜன் தேவரின் நினைவாக ஆண்டுதோறும் கடுங்கோடையில் சீக்கியர்கள் அமைக்கும் இப்பந்தலுக்குச் 'சபீல்' என்று பெயர். பாலில் நிறைய நீர் கலந்து, ரோஜாப் பாகும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கும் 'கச்சி லஸ்ஸி'யே அங்கு தரப்படுவது. சாதி, மதம், செல்வம் எதையும் வினவாமல் வண்டியை மறித்து நிறுத்தியும் கொடுப்பார்கள். அவர்களுள் ஒருவர் தந்தையாரைக் கண்டு ஓடிவந்து, நிழலில் அமர்த்தி, ஈரத்துணியைப் பிடரியில் இட்டு, சிறுகச் சிறுகப் பருகச் செய்து, பின்னர் மின்ரிக்‌ஷா ஒன்றில் தாமே உடன் வந்து வீட்டில் விட்டுச் சென்றார். வாடகையைக் கொடுக்க முயன்றோம், கைகூப்பி மறுத்துவிட்டார்.

மருத்துவர் வந்து பார்த்து, அச்சம் இல்லை என்றார். அன்று மாலை தந்தையார் கட்டிலில் சாய்ந்தவாறே ஒரு கேள்வி கேட்டார்: "நம்மவர்கள் சேர்ந்து இங்கே ஸ்ரீராம நவமி கொண்டாடினீர்களே, அன்றைக்கு வந்தவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?"

எங்களுக்குச் சொல்ல நாணமாக இருந்தது. பானகம் ஒரு சிறு செம்பில் மட்டும் கரைத்து நிவேதனம் செய்து, ஆளுக்கு ஓர் உத்தரணி வழங்கினோம். மற்றபடி பெட்டி பெட்டியாகப் புட்டியில் அடைத்த வண்ணநீரை வாங்கிவைத்து எல்லோர்க்கும் கொடுத்தோம். வேலை எளிது என்பதே காரணம். இதைக் கேட்ட தந்தையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அந்தப் பிள்ளைகள் தங்கள் கையால் கரைத்துக் கொடுத்தார்கள்" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடிந்திருந்தால் மறந்திருப்போம். அச்சொல் ஓராண்டு முழுவதும் எங்களை விடவில்லை.

இவ்வாண்டு பங்குனியில் தந்தையார் மீண்டும் வந்தார். அவ்வமயம் எங்கள் விழாக் குழுவில், இம்முறை மூன்று வகைப் பானங்களை நாமே செய்து தண்ணீர்ப் பந்தல் வைப்போம் என்று கூறினோம். உடனே தடைகள் எழுந்தன. "முந்நூறு பேருக்கு யார் கரைப்பது? இக்காலத்துக் குழந்தைகள் இதைத் தொடுவார்களா? மிஞ்சினால் என் செய்வது?" என்றனர். முடிவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டுவது, குழந்தைகள் அருந்தினால் பந்தல், இல்லையேல் புட்டிகள் என்று தீர்மானமாயிற்று. ஆகவே பொருள் வாங்கத் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு பழைய தில்லிக்குப் புறப்பட்டோம்.

கரோல் பாகில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறினால், சாந்தினி சௌக் சில நிமிடத் தொலைவே என்று தோன்றும். நிலத்தடியிலிருந்து மேலே வந்ததும் நூற்றாண்டுகள் பின்னே சென்றது போலவும் தோன்றும். முதலில் தந்தையாரின் விருப்பப்படி சற்றுக் கிழக்கேயுள்ள சீஸ் கஞ்ச் குருத்துவாராவிற்குச் சென்றோம். குரு தேக் பகதூர் 1675இல் உயிர் துறந்த இடம் அது. தலையில் துணி கட்டி உள்ளே சென்று வணங்கி, அங்கு தந்த நீரை அருந்திவிட்டு, மோட்டார் வண்டிகள் பகலில் அனுமதிக்கப்படாத அப்பெருந்தெருவில் மேற்கு நோக்கி நடந்தோம். தெருவின் எல்லையில் நிற்பது ஃபதேபுரி மசூதி. ஷாஜகானின் மனைவியருள் ஒருவரான ஃபதேபுரி பேகம் 1650இல் எழுப்பியது. அதனை அடுத்துத் தொடங்குவதே காரி பாவ்லி.

'காரி' என்றால் உப்புக் கரித்தது, 'பாவ்லி' என்றால் படிக்கிணறு. அக்கிணறு இன்றில்லை; பெயர் மட்டும் நிலைத்து, நாட்டின் மிகப் பெரிய மளிகைச் சந்தைகளுள் ஒன்றைக் குறிக்கின்றது. மிளகாய் மூட்டை சுமந்து செல்வோர் பின்னால் தும்மிக்கொண்டே நடக்கவேண்டும். 1920களில் எழுந்த கடோடியா மார்க்கெட்டின் முற்றத்தில் தந்தையார் நின்றுவிட்டார். சுக்கு, ஏலம், சோம்பு, சீரகம், கசகசா, உலர்ந்த ரோஜா இதழ், முலாம்பழ விதை ஆகியவை மலை மலையாகக் குவிந்திருந்தன. ஏலத்தை முகர்ந்து, "இது நம் பக்கத்து மலைச் சரக்கு" என்றார். பெருங்காயத்தைக் கண்டதும், "இதுவும் நம்முடையதுதானே?" என்று கேட்டார். நம் வீட்டு இரசத்தில் நாள்தோறும் மணக்கும் பெருங்காயம் காலங்காலமாக ஆப்கானிஸ்தானம் முதலிய நாடுகளிலிருந்து வருவது. 2020இல்தான் அதனை இந்திய மண்ணில் பயிரிடும் முயற்சி இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் தொடங்கப்பெற்றது. ஏலம் தெற்கிலிருந்து வடக்கே வருகின்றது. பெருங்காயம் வடக்கிலிருந்து தெற்கே செல்கின்றது. புலம்பெயர்ந்தோர் நாம் மட்டுமல்லோம் என்று அன்று அறிந்தோம்.

அங்கே கேட்டு வாங்கவேண்டியது 'காலா நமக்' எனும் கறுப்பு உப்பு. நம் இந்துப்பு வேறு, இது வேறு. உப்பைக் கரி முதலியவற்றுடன் சூளையில் இட்டுக் காய்ச்சிச் செய்வது. கட்டியாக இருக்கையில் கருஞ்சிவப்பு, பொடித்தால் இளஞ்சிவப்பு, முகர்ந்தால் கந்தக வாடை. முதன்முறை முகர்ந்து முகம் சுளிக்காத தமிழர் இலர். எனினும் மாங்காயுடன் சேர்ந்துவிட்டால் அவ்வாடையே மணமாகிவிடும்.

அருகேதான் ஹௌஸ் காஜிப் பகுதி. ஹக்கீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் என்பவர் 1906இல் பழைய தில்லியில் ஹம்தர்த் மருந்தகத்தைத் தொடங்கி, 1907இல் கோடைக்கென அமைத்த சர்பத்தே ரூஹ் அஃப்ஸா. நாடு பிரிந்த பின்னர் அவருடைய மூத்த மகன் இங்கேயே தங்க, இளையவர் கராச்சிக்குச் சென்று 1948இல் அங்கு ஹம்தர்த்தை நிறுவினார். இன்று இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் அச்சிவப்புச் சர்பத் செய்யப்படுகின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. நாவின் நினைவைப் பிரிக்கவில்லை.

வீடு திரும்பியதும் அடுத்த வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியார் வந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் 'பீஜி'. "கஞ்சி கொண்டுவந்திருக்கிறேன்" என்று அவர் இந்தியில் சொன்னதைத் தந்தையார் கேட்டு, "நோயாளி யாரும் இல்லையே, எதற்குக் கஞ்சி?" என்று வியந்தார். வந்ததோ கண்ணாடிக் குவளையில் கருஞ்சிவப்பான புளிப்பு நீர்! பெயர் ஒன்று, பொருள் வேறு. குளிர்காலத்தில் கிடைக்கும் கறுப்புக் கேரட்டைக் கால் கிலோ நறுக்கி, காய்ச்சி ஆறிய இரண்டு லிட்டர் நீரில் இட்டு, பொடித்த கடுகு இரண்டு மேசைக்கரண்டியும் உப்பும் சிறிது மிளகாய்த்தூளும் சேர்த்து, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, நான்கைந்து நாள் வெயிலில் வைத்து நாள்தோறும் உலர்ந்த மரக்கரண்டியால் கிளறிவந்தால் அது புளிக்கும். தயிர் புளிப்பது போன்றதே அப்புளிப்பும். ஹோலிப் பண்டிகைக்கு அதை அருந்துவது இவ்வூர் வழக்கம்.

பீஜியும் தந்தையாரும் ஒருவர் மொழி ஒருவர்க்குத் தெரியாமலே அடுக்களையில் நெடுநேரம் பேசினர். இருவருக்கும் நடுவே மொழிபெயர்த்ததில் எங்களுக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. எந்த ஊர்க் கோடைப் பானமாயினும் அதில் ஐந்தே உறுப்புகள்: குளிர்ந்த நீர், ஒரு புளிப்பு, சிறிது இனிப்பு, ஒரு சிட்டிகை உப்பு, செரிமானத்திற்கு ஒரு மணப்பொருள். நாம் எலுமிச்சை எடுக்கும் இடத்தில் அவர்கள் மாங்காயை எடுக்கின்றனர். நாம் சுக்கும் ஏலமும் இடும் இடத்தில் அவர்கள் வறுத்த சீரகமும் புதினாவும் இடுகின்றனர். இவ்விலக்கணம் தெரிந்துவிட்டால் எவரும் தம் வீட்டிலேயே எத்தனையோ கலவைகளைச் செய்யலாம்.

நாங்கள் செய்தவற்றை அளவுடன் தருகின்றோம்.

பானகத்திற்கு ஒரு லிட்டர் நீரில் 70 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக்கொள்க. அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, நான்கு ஏலக்காய், ஓர் எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் ஐந்து குவளை ஆகும். வழக்கமான இனிப்பில் இது சற்றுக் குறைவு. குளிர்ந்த நிலையில் குறை தெரியாது.

'ஆம் பன்னா'விற்கு அரைக் கிலோ மாங்காயைத் தோலுடன் வேகவைத்தோ தணலில் சுட்டோ சதையை எடுத்துக்கொள்க. அதனுடன் ஒரு கைப்பிடி புதினா, 100 கிராம் வெல்லம், இரண்டு தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், ஒரு தேக்கரண்டி கறுப்பு உப்பு சேர்த்து அரைத்து வைத்தால், குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் கெடாதிருக்கும். ஒரு குவளை நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி விழுது போதும். பீஜி இதில் வெள்ளைச் சர்க்கரை இடுவார். தந்தையார் வெல்லமிட்டுச் சிறிது சுக்கும் சேர்த்தார். பீஜி சுவைத்துவிட்டு மறுமுறை குவளையை நீட்டினார்.

நீர்மோர் நாமறிந்ததே. ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு நீர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். அதில் வறுத்த சீரகமும் சிறிது புதினாவும் சேர்த்தது மட்டுமே தில்லியின் பங்கு.

பீகார் மாநிலத்தார் தள்ளுவண்டிகளில் விற்கும் 'சத்தூ'வையும் செய்து பார்த்தோம். வறுத்த கடலையை அரைத்த மாவு அது. மூன்று மேசைக்கரண்டி மாவை ஒரு குவளை நீரில் கட்டியின்றிக் கரைத்து, எலுமிச்சை, உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் சேர்ப்பர். உழைப்பாளியின் பசியையும் தாகத்தையும் ஒருங்கே தீர்ப்பது. பெயரிலும் சத்து, பொருளிலும் சத்து. நாம் இலையை மட்டும் சிவபெருமானுக்குச் சாத்தும் வில்வத்தின் பழத்தை இவ்வூரார் ஊறவைத்து, விதை நசுங்காமல் கையால் பிசைந்து வடித்துச் சர்பத் ஆக்குகின்றனர். விதை அரைபட்டால் கசக்கும் என்பதை முதல் முயற்சியில் நாங்கள் நன்றாகவே கற்றுக்கொண்டோம்.

உடல்நலம் பற்றி ஒரு சில சொற்கள். உப்பும் இனிப்பும் சேர்ந்த நீர் உடலில் எளிதில் ஏறும் என்பது வெறும் பாட்டி வைத்தியம் அன்று. சிறுகுடலில் சர்க்கரை உப்பைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். ஏறக்குறைய நூற்றுக்கு முப்பதாக இருந்த மரணம் நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. பேதி கண்டவர்க்கு ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்பதே வீட்டளவு, கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. அந்நோய்க்குப் பானகமோ சர்பத்தோ மாற்றாகாது.

மற்றொன்று: வெல்லமும் சர்க்கரையே. நீரிழிவுள்ளோர் வெல்லம் என்று ஏமாந்துவிடலாகாது. கறுப்பு உப்பும் உப்பே, இரத்த அழுத்தமுள்ளோர் அளவறிந்து கொள்க. நாளொன்றிற்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நன்று என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய அறிவுரை. புட்டியில் வரும் வண்ணநீர் 300 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 30 கிராம் இருப்பது வழக்கம். எங்கள் பானகக் குவளை ஒன்றில் 14 கிராம். இன்னொன்று: வெயிலில் மயங்கி நினைவிழந்தவர் வாயில் எந்தப் பானத்தையும் ஊற்றலாகாது. நிழலில் கிடத்தி, உடலை ஈரத்தால் குளிர்வித்து, 112ஐ அழைக்க வேண்டும். தந்தையார் நினைவோடு இருந்ததாலேயே அவ்விளைஞர் தந்த பானம் பயன்பட்டது.

ஞாயிறு வந்தது. குடியிருப்புப் பிள்ளைகள் பதினெண்மர் வரிசையில் நின்றனர். உள்ளதை உள்ளவாறே சொல்ல வேண்டும்: வில்வச் சர்பத்தை எவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை, கஞ்சியைக் கண்டு இருவர் ஓடினர். ஆனால் சுக்கிட்ட மாங்காய்ப் பானத்தின் பாத்திரம் கால்மணி நேரத்தில் காலியாயிற்று. பானகம் எங்கே என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. தடை சொன்னவரே, "நான் எலுமிச்சை பிழிகிறேன்" என்றார்.

உத்தம் நகர்க் குயவர் தெருவிலிருந்து மூன்று பெரிய மண்பானைகள் வந்தன. காய்ச்சி ஆறிய நீரை முதல்நாள் இரவே அவற்றில் நிரப்பினோம். ஸ்ரீராம நவமியன்று காலை ஒன்பது மணிக்கு, பானைக்கு 20 லிட்டராகப் பானகம், மாங்காய்ப் பானம், நீர்மோர் ஆகியவற்றுடன் தெருமுனையில் பந்தல் தொடங்கிற்று. ரிக்‌ஷா ஓட்டுவோர், கடைப்பிள்ளைகள், சிறுவர் என யாவரும் பருகினர். பதினொன்றே முக்கால் மணிக்குப் பானகம் தீர்ந்தது. நண்பகலுக்குள் மற்றவையும் தீர்ந்தன.

தந்தையார் நாற்காலியில் அமர்ந்து காலை முழுவதும் பானகத்தைத் தம் கையாலேயே மொண்டு கொடுத்தார். தாம் அதில் ஒரு துளியும் பருகவில்லை. அவருக்கு உப்புக் குறைத்த மோர் தனியே வைத்திருந்தோம். பதினொரு மணி இருக்கும். சென்ற ஆண்டு அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட அவ்விளைஞர், அருகிலுள்ள மோட்டார் உதிரிப்பொருள் கடையொன்றிலிருந்து வந்து நின்றார். தந்தையார் அடையாளம் கண்டுகொண்டு எழுந்து, இரு கைகளாலும் குவளையை நீட்டினார். இளைஞர் பருகிவிட்டுச் சற்றே யோசித்து, "சோண்ட்?" என்றார். இந்தி அறியாத தந்தையார், "சுக்கு" என்றார். இருவரும் தலையசைத்துக்கொண்டனர். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வரும் வைகாசியில் அவர்களுடைய சபீலில் எலுமிச்சை பிழிய எங்கள் பிள்ளைகள் செல்வதாக வாக்களித்திருக்கின்றனர். நேயர்களே, நீவிர் வாழும் ஊர் கல்கத்தாவாயினும் நாகபுரியாயினும் பம்பாயாயினும், அண்டை வீட்டாரின் கோடைப் பானம் ஒன்றைக் கேட்டறிந்து நம் பானகத்தோடு சேர்த்துச் செய்து பாருங்கள். செய்த அளவையும் பிள்ளைகள் சொன்ன தீர்ப்பையும் மறைக்காமல் நம் இதழுக்கு எழுதுங்கள்.